குடித்த இரவும் 72 மணித்தியாலமும்

வெள்ளி இரவு ஆணுறை இல்லாமல் உறவு நடந்திருந்தால், திங்கள் இரவோடு 72 மணித்தியாலம் முடிந்துவிடும். எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் அவசர மருந்தை அதற்குள் தொடங்க வேண்டும். எவ்வளவு முந்துகிறோமோ அவ்வளவு நல்லது. குடிக்கிறவர்களுக்கு இந்த நேரம்தான் கையை விட்டுப் போகிறது. சனி தலையிடியில் கழியும், ஞாயிறு வெறி முறிக்கவென்று மறுபடி போத்தல் திறபடும். திங்கள் போயாவாக இருந்தால் மருந்து தரும் பாலியல் நோய் கிளினிக்கும் பூட்டு. அப்படியான நாளில் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கே போங்கள். திருகோணமலை நகருக்குத் தூரமான மூதூர், புல்மோட்டைப் பக்கம் உள்ளவர்கள் முதல் பஸ்ஸைப் பிடிப்பது நல்லது. வாய் மணம் போகட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஆணுறை போட்டதா என்று நினைவில்லையா? அதையே சொல்லுங்கள், அதுவும் ஒரு தகவல்தான்.

பாலியல் நோய் கிளினிக்கில் சிகிச்சை இலவசம், விஷயம் வெளியே போகாது. எச்.ஐ.வி., ஈரல் அழற்சி பி, சிறுநீரகம் மூன்றுக்கும் இரத்தம் எடுப்பார்கள். அன்றைய முடிவு பழைய தொற்றைத்தான் காட்டும். அவசர மருந்துக் குளிசையை 28 நாள் போட வேண்டும். மறுசோதனைக்கு மூன்று மாதம் வரை போய்வர வேண்டும்.

எவ்வளவு குடிப்பீர்கள் என்று கேட்டால் "கொஞ்சம்" என்று சொல்லித் தப்ப வேண்டாம். 33.5 வீதச் சாராயம் கால் போத்தலில், அதாவது 180 மில்லிலீட்டரில், ஏறக்குறைய 48 கிராம் தூய மதுசாரம் இருக்கிறது. ஒரே தடவையில் 60 கிராமைத் தொட்டாலே உலக சுகாதார நிறுவனம் அதைக் கடும் குடி என்கிறது. அரைப் போத்தல் 100 கிராமுக்குக் கிட்ட வந்துவிடும். கசிப்பின் வீரியம் யாருக்கும் தெரியாது, எத்தனை கிளாஸ் என்று சொல்லுங்கள்.

கூடுதலாகப் பிழை விடுவது இதில்தான்: "இண்டைக்குக் குடிச்சிட்டன், குளிசை வேண்டாம்." இந்தக் குளிசையிலுள்ள டெனோஃபோவிர், லமிவுடின், டொலுடெக்ராவிர் மூன்றும் மதுவோடு நேரடியாக மோதுவதில்லை. குடித்தாலும் போடுங்கள். காலைத் தேத்தண்ணியோடு போட்டுவிட்டால் பின்னேரம் மறக்கப் பயமில்லை. போட்டு ஒரு மணித்தியாலத்துக்குள் சத்தி எடுத்தால் திரும்பப் போடுங்கள். குடித்த மறுநாள் வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கிற வெள்ளைப் பாணிதான் உண்மையில் குழப்பும். அதிலுள்ள அலுமினியமும் மக்னீசியமும் டொலுடெக்ராவிரைப் பிடித்து உடலில் சேரவிடாது. குளிசை போட்டு 2 மணித்தியாலம் கழித்துப் பாணியைக் குடிக்கலாம். பாணியை முதலில் குடித்திருந்தால் குளிசைக்கு 6 மணித்தியாலம் பொறுக்க வேண்டும்.

நாள்தோறும் குடிக்கிறவர், மருந்து தொடங்கியாயிற்று என்று அன்றே குடியை அடியோடு நிறுத்துவது ஆபத்து. கை நடுங்கும், வியர்க்கும், 6 முதல் 48 மணித்தியாலத்துக்குள் வலிப்பும் வரலாம். அதன்பின் இல்லாத உருவங்கள் தெரியத் தொடங்கினால் உயிருக்கே மோசம். முதலே டொக்டரிடம் சொன்னால் நடுக்கத்துக்கு மருந்தும் வைட்டமின் பி1-உம் தந்து பக்குவமாக நிறுத்த வைப்பார். "குடிகாரனுக்கு எதுக்கு இந்த மருந்து" என்ற பேச்சு பிழையானது. அவருக்குத்தான் இது முதலில் தேவை.

வெறியில் ஆணுறை பிந்திப் போடப்படும், அல்லது தேங்காய் எண்ணெய் பூசப்படும். எண்ணெய் பட்டால் ஆணுறையின் லேட்டெக்ஸ் இறப்பர் கிழியும். நீர்சார் வழுக்கியே பாவியுங்கள்.

இப்படி அடிக்கடி நேர்கிறதென்றால், எச்.ஐ.வி. தொற்றாமலிருக்க உறவுக்கு முன்பிருந்தே போடுகிற முற்காப்புக் குளிசையைக் கேளுங்கள். தினமும் போட்டால் ஆசனவழி உறவுக்கு 7 நாளில் காப்பு வரும், பெண்ணுறுப்பு வழிக்கு 3 கிழமை வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதனை. ஈரல் அழற்சி பி உள்ளவர் டொக்டரைக் கேட்காமல் குளிசையை நிறுத்தக்கூடாது. பலநாள் படகில் போகிறவர்கள் தண்ணீர் புகாத டப்பாவில், கரை திரும்பும் நாளுக்கு மேல் சில நாளுக்கும் சேர்த்து எடுத்துச் செல்லுங்கள்.