நிக்சன் காலத்துச் செய்திகள் எப்படித் தப்பின?

அமெரிக்க அதிபர் ரிச்சர்ட் நிக்சன் ஆட்சிக்காலத்துத் தொலைக்காட்சி மாலைச் செய்திகளை ஆய்வாளர்கள் இன்றும் பார்க்க முடிவதற்கு முதற்காரணம் அவற்றை ஒளிபரப்பிய நிறுவனங்கள் அல்ல. நாஷ்வில் நகரில் காப்பீட்டுத் துறையில் இருந்த பால் சிம்ப்சனின் பிடிவாதமே. செய்தி நாடாக்கள் ஏறத்தாழ இரண்டு வாரங்களில் அழிக்கப்படுகின்றன என்று அறிந்த அவர், வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தை இணங்க வைத்து, நிக்சனை வேட்பாளராக அறிவித்த குடியரசுக் கட்சி மாநாடு மயாமி பீச்சில் தொடங்கிய 1968 ஆகஸ்ட் 5 அன்றே, ஏபிசி, சிபிஎஸ், என்பிசி ஆகிய மூன்று தொலைக்காட்சி நிறுவனங்களின் செய்திகளையும் பதிவுசெய்யும் பணியைத் தொடங்கச் செய்தார்.

நன்றி சொல்லியிருக்க வேண்டிய சிபிஎஸ், 1973 இறுதியில் பதிப்புரிமை மீறல் என்று வழக்குத் தொடுத்தது. நூலகங்கள் செய்தி ஒளிபரப்பைப் பதிவுசெய்து பாதுகாக்கலாம் என 1976ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் விலக்களித்த பின்னரே அவ்வழக்கு கைவிடப்பட்டது.

இதில் வேடிக்கை என்னவென்றால், செய்தியாளர்களைப் பகைவராகவே கருதிய நிக்சனின் வெள்ளை மாளிகையும் தன் பயனுக்காகத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைப் பதிவுசெய்து வந்தது. அந்நாடாக்கள் இப்போது அவர் பெயரிலான நூலகத்தில் உள்ளன.

பார்க்க விரும்புவோர், நிக்சன் பதவி விலகக் காரணமான வாட்டர்கேட் முறைகேடு குறித்த செனட் விசாரணையிலிருந்து தொடங்கலாம். பொதுத்தொலைக்காட்சி அதை இரவில் முழுமையாக மறுஒளிபரப்புச் செய்தது. அதிபர் தம் அலுவலக உரையாடல்களை ஒலிப்பதிவு செய்துவந்ததை 1973 ஜூலை 16 அன்று வெள்ளை மாளிகையின் முன்னாள் உதவியாளர் அலெக்சாண்டர் பட்டர்ஃபீல்டு வெளிப்படுத்திய அமர்வு உட்பட, அப்பதிவுகள் அமெரிக்கப் பொது ஒளிபரப்பு ஆவணக்காப்பகத்தின் தளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன.