குச்சியின் தளர்வும் கடற்புல்லும்

மாத் என்பது ஒருவர் ஓட்டும் சிறு பாய்ப்படகு; ஃபாயில் என்ற நீரடி இறக்கைகள் தூக்க, தண்ணீருக்கு மேலே எழும்பிப் பறக்கும். இந்தப் படகில் புதிதாகக் கை வைப்பவர்கள் முதலில் நோண்டுவது பாயைத்தான். படகு எழும்பவில்லையா, பாய் சரியில்லை. எழும்பிக் குதிக்கிறதா, அதற்கும் பாய்தான். பெரும்பாலும் கோளாறு இருப்பது அங்கே அல்ல. படகின் முன்முனையான அணியத்திலிருந்து தண்ணீரில் உரசிக்கொண்டு வரும் மெல்லிய குச்சியிலும், அதிலிருந்து ஃபாயிலுக்குப் போகும் இணைப்பிலும்தான்.

படகு 3.355 மீட்டர் நீளம். ஓட்டுபவர் உட்காரும் பக்க இறக்கைகளோடு அகலம் 2.25 மீட்டர் வரை. எடை சுமார் 30 கிலோ. நடுப்பலகையின் அடியில் ஒன்று, சுக்கானின் அடியில் ஒன்று எனத் தலைகீழ் ‘டி’ வடிவில் இரண்டு ஃபாயில்கள். முன் ஃபாயிலின் பின்விளிம்பில் மேலும் கீழும் அசையும் ஃபிளாப் உண்டு. அதை அசைப்பது ‘வாண்ட்’ என்று சொல்லும் அந்தக் குச்சி. படகு தாழ்ந்து போகும்போது தண்ணீர் குச்சியைப் பின்னால் தள்ளும், ஃபிளாப் கீழே இறங்கும், தூக்கும் விசை கூடும். படகு மேலே வந்ததும் ரப்பர் கயிறு குச்சியை முன்னே இழுக்கும், ஃபிளாப் மேலேறும், விசை குறையும். ஓட்டுபவர் இதில் கை வைப்பதே இல்லை.

ஆகவே கரையில் செய்யும் முதல் சோதனை இதுதான். படகைச் சாய்த்துப் போட்டு, குச்சியின் நுனியைப் பிடித்து மெதுவாக ஆட்ட வேண்டும். இன்னொருவர் ஃபிளாப்பின் ஓரத்தில் விரல் வைத்திருக்கட்டும். நுனி ஒரு விரற்கடை போன பிறகுதான் ஃபிளாப் அசைகிறது என்றால் தளர்வு அதிகம். அந்த அளவுக்கு ஃபிளாப் தாமதமாகத்தான் பதில் சொல்லும்; படகு தேவைக்கு மேல் ஏறி, தேவைக்கு மேல் இறங்கி, ஓங்கில் (டால்பின்) மாதிரி குதித்துக் குதித்துப் போகும். தேய்ந்த இணைப்பு முளை, பெரிதாகிவிட்ட துளை, கழன்ற திருகு, இந்த மூன்றையும் பார்த்துவிட்டு வேண்டுமானால் பாய்க்குப் போகலாம். தளர்வே இல்லாமலும் ஃபிளாப் இறுகி நிற்பதுண்டு. ஃபிளாப் மடங்கும் கீலுக்குள் உப்பும் நுண்மணலும் சேர்ந்திருக்கும். நல்ல தண்ணீரில் கழுவினால் போதும், எண்ணெய் விட்டால் மணல் இன்னும் ஒட்டும்.

பறக்கும் உயரத்தை இணைப்புக் கம்பியின் நீளத்தால் மாற்றுவார்கள். அலை இருந்தால் குச்சி நீளமாகவும் ஃபிளாப் விரைந்து அசையும்படியும் வைப்பது வழக்கம். தண்ணீர் தட்டையாகக் கிடந்தால் அசைவைக் குறைக்கலாம். ஃபிளாப் ஆடும் ஒவ்வொரு முறையும் வேகம் தின்னப்படுகிறது.

இனி நம் கடல். நாகப்பட்டினம், வேளாங்கண்ணிப் பக்கம் கரை கிழக்கு நோக்கியது. மேற்கேயிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் கரையோரம் தண்ணீர் தட்டையாக, ஓட்ட ஆசையாக இருக்கும். அதே காற்று, ஏதாவது உடைந்தால் படகை நேராக வெளிக்கடலுக்குக் கொண்டுபோகும். இயந்திரப் படகு ஒன்று கூடவே இல்லாமல் இறங்குவது மடத்தனம். வாடைக் காலத்தில் அலை கரையில் உடையும். ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஃபாயில் தொங்கும் படகை அந்த உடைப்புக்குள் தள்ள முடியாது. கோடியக்கரையில் கரை மேற்கே திரும்புகிறது, கணக்கும் அங்கே மாறுகிறது. அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம் பக்கம் வாடை நிலத்தின் மேலிருந்து வரும், அலை சிறிது. ஆனால் ஆழம் கிடைக்க வெகுதூரம் நடக்க வேண்டும். முத்துப்பேட்டைக் காயலோ இதற்கு ஆகவே ஆகாது; சேறும் ஆழக்குறைவும் சேர்ந்து சுக்கானைப் பெயர்த்துவிடும். ஒன்றரை மீட்டருக்குக் குறைவான தண்ணீரில் பறக்க நினைக்காமல் இருப்பது நல்லது.

பாக் விரிகுடாவில் பெரிய தொல்லை கடற்புல். தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை 2022-ல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்ததே அங்கே புல்வெளி இருப்பதால்தான். ஃபாயிலில் புல் சிக்கினால் வேகம் செத்துவிடும், அது உடனே தெரியும். குச்சியில் சிக்கினால்தான் ஏமாற்றும். புல்லின் இழுவை குச்சியைப் பின்னால் தள்ள, படகு தாழ்ந்திருக்கிறது என்று ஃபிளாப் எடுத்துக்கொள்ளும். படகு விர்ரென்று ஏறி, ஃபாயில் நீர்மட்டத்தைத் தொட்டுக் காற்றை உறிஞ்சி, தூக்கும் விசை ஒரே நொடியில் அற்று, அணியம் குப்புற விழும். காரணம் தெரியாத குதிப்பு வந்தால் முதலில் குச்சியைப் பாருங்கள். புல்வெளிக்கு மேல் பறப்பதையே தவிர்ப்பது ஆவுளியா எனும் அந்தக் கடற்பசுவுக்கும் நல்லது.

வலை இன்னொன்று. இறங்குமுன் கரையில் இருப்பவர்களிடம், “அண்ணே, வலை எந்தப் பக்கம் கிடக்கு?” என்று கேட்டுவிட வேண்டும். மிதவையோடு கிடக்கும் வலையில் ஃபாயில் மாட்டினால் நமக்குச் சுக்கான் போகும், அவருக்கு அன்றைய பிழைப்பு போகும்.

எழும்புவதற்குக் காற்று 8 நாட் அளவு இருந்தால் நடுத்தர எடைக்காரருக்குப் போதும். காற்று பக்கவாட்டில் வரும்படி படகைத் திருப்பி, பாயை இழுத்துப் பிடிக்கும் கயிறான தாமானைக் கொஞ்சம் தளர்த்தி, படகைத் தட்டையாக வைத்து வேகம் சேர்க்க வேண்டும். மேலே வந்ததும் காற்று முன்னாலிருந்து வருவதுபோல் மாறும். அப்போது தாமானை இழுத்து, படகைக் காற்று வரும் பக்கமாகச் சாய்க்க வேண்டும். 2005-ல் ஃபாயில் படகில் உலகப் பட்டம் வென்ற ரோஹன் வீலின் பெயராலேயே இந்தச் சாய்வைச் சொல்வதுண்டு. சாய்வால் உடல் எடையின் பலம் கூடுகிறது. படகு பக்கவாட்டில் வழுக்குவதும் குறைகிறது. பயந்துபோய்த் தாமானைச் சட்டென்று விட்டால் படகு ஓட்டுபவர் மேலேயே சரியும். பின்னால் நகர்ந்து, மெல்ல மெல்லத் தளர்த்தி இறக்குவதே முறை.

ஃபாயிலின் முன்விளிம்பு சிறு கல்லில் பட்டாலும் சிராய்க்கும். நாகைக் கரையில் ஃபைபர் படகு பழுது பார்க்க ஆளுக்குக் குறைவில்லை, கைத்திறனுக்கும் குறைவில்லை. அவர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் பாலியெஸ்டர் ரெசின். கார்பன் ஃபாயில் எப்பாக்ஸி என்ற வேறு வகை ரெசினால் ஆனது. அதன் மேல் பாலியெஸ்டர் சரியாகப் பிடிக்காது, ஓட்டத்தில் பெயர்ந்து வரும். எப்பாக்ஸி வாங்கிக் கொடுத்துத்தான் வேலை சொல்ல வேண்டும். ஐப்பசி, கார்த்திகையின் ஈரக்காற்றில் எப்பாக்ஸி காயும்போது மேலே மெழுகுபோல் ஒரு பிசுக்குப் படலம் வரும். அதைத் தண்ணீர் விட்டுக் கழுவித் துடைத்த பிறகே 400, அப்புறம் 800 எண் உப்புத்தாளால், தண்ணீர் ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். கழுவாமல் தேய்த்தால் பிசுக்கு தாளை அடைத்துவிடும், அடுத்த பூச்சும் நிற்காது.