சளியின் நிறம்

"காய்ச்சல் இல்லையேப்பா, வெறும் சளிதான்" என்றார் பெரியப்பா.

கடலூர் முதுநகர் வீட்டுத் திண்ணை. காலடியில் மண் போட்ட கொட்டாங்குச்சி. எட்டிப் பார்த்தேன். எப்போதும் வெள்ளையாக இருக்கும் சளி, இன்று பாசி நிறத்தில் இருந்தது.

விரலில் ஆக்சிமீட்டரை மாட்டினேன். ரத்தத்தில் ஆக்சிஜன் 86 சதவீதம்தான்.

சரி, ஆட்டோவைக் கூப்பிட்டாயிற்று.

எக்ஸ்ரேயை டாக்டர் வெளிச்சத்தில் பிடித்தார். வலது நுரையீரலின் உச்சியில் பழைய டிபி விட்டுப்போன தழும்பு, கசக்கிப் போட்ட துணி மாதிரி. கீழே புதிதாக ஒரு வெள்ளைத் திட்டு. நிமோனியா.

டிபி குணமாகி முப்பது வருஷமாகிறது. கிருமி போய்விட்டது, அது நைத்த மூச்சுக்குழாய்கள் அப்படியேதான் இருக்கின்றன. சளியை மேலே தள்ளும் நுண்ணிய மயிரிழைகள் அங்கே சரியாக வேலை செய்வதில்லை. தேங்கும் சளியில் பாக்டீரியா குடியேறிவிடுகிறது. (தண்ணீர் தேங்கினால் என்ன ஆகும் என்று கடலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டுமா!)

வயதானவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமலும் நிமோனியா வருமாம். சளியின் நிறமோ அளவோ மாறினால், மூச்சு வாங்கினால், காத்திருக்காமல் வரச் சொன்னார். நிமோனியாவுக்கு எதிரான நிமோகாக்கல் தடுப்பூசி போட்டீர்களா என்றும் கேட்டார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

இப்போது ஆக்சிஜன் குழாயோடு படுத்திருக்கிறார். 91.

"அந்தக் கொட்டாங்குச்சியை யாராவது கொட்டினீங்களா?" என்கிறார்.