மண் அணைக்கும் நாட்கள்

செப்டம்பர் 4, வியாழன்

இரவெல்லாம் பெய்த மழை விடிவதற்குள் நின்றுவிட்டது. மிளகாய் நாற்றுகளை நட்டு இன்றோடு 23 நாட்கள் ஆகின்றன. மழைத்துளிகள் அடித்த வேகத்தில் பாத்தியின் மேல்மண் மாவாகக் கரைந்து படிந்திருக்கிறது. இரண்டு நாள் வெயில் அடித்தால் பொருக்குத் தட்டிவிடும். பொருக்குத் தட்டிய மண்ணுக்குள் காற்றும் சரியாகப் போகாது, ஊற்றுகிற தண்ணீரும் இறங்காமல் ஓரமாக ஓடிவிடும். எனவே கொத்திவிட வேண்டும். நான் குனியக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள்.

பதினொரு செடிகளில் நான்காவது சற்றே சாய்ந்திருக்கிறது. சன்னலிலிருந்து பார்ப்பதால் அப்படித் தோன்றுகிறதோ என்னவோ.

செப்டம்பர் 5, வெள்ளி

மண் இன்னும் ஈரம். சாய்வு தோற்றமில்லை.

செப்டம்பர் 6, சனி

தம்பியை ஒரு பிடி மண் எடுத்து வரச் சொன்னேன். விரற்கடை ஆழத்திலிருந்து எடுக்கச் சொல்லியிருந்தும் மேலாக வழித்துக்கொண்டு வந்தான், திருப்பி அனுப்பினேன். இரண்டாம் முறை கொண்டுவந்ததை உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பிடித்து, கட்டைவிரலால் அழுத்தினேன். உருண்டை உடையாமல் களிம்பு போலப் பிதுங்கியது. இந்தப் பதத்தில் கொத்தினால் மண் கட்டி கட்டியாகப் பெயரும், வெயிலில் அவை செங்கல்லாக இறுகும், பிறகு எத்தனை முறை கொத்தினாலும் பொலபொலப்பு திரும்பாது. நம்முடையது களி கலந்த மண். மணற்பாங்கான நிலமாக இருந்திருந்தால் இன்றே இறங்கியிருக்கலாம். அழுத்தியவுடன் உருண்டை உதிர வேண்டும், கையில் ஒட்டக் கூடாது. அதுவரை காத்திருப்பதுதான் வேலை.

“நாளைக்குப் பார்க்கலாம் அக்கா” என்று தம்பி சொன்னான். இந்த வீட்டில் இப்போது எல்லோரும் எல்லாவற்றுக்கும் இதையே சொல்கிறார்கள்.

செப்டம்பர் 7, ஞாயிறு

உருண்டை உதிர்ந்தது. காலையிலேயே தம்பி களைக்கொத்தோடு இறங்கினான். நான் நாற்காலியைப் பாத்தியின் தலைமாட்டில் போட்டு உட்கார்ந்துகொண்டேன். நான் கொத்தினால் ஓசை வராது. அவன் கொத்தும் ஒவ்வொரு கொத்தும் ‘சதக்’ என்று கேட்டது, எனக்கு வயிற்றில் தையல் இழுத்தது.

மிளகாய்ச் செடியின் வேர் ஆழத்தை நம்பி வாழ்வதில்லை என்பதை எத்தனை முறை சொன்னாலும் அவனுக்குப் பதிவதில்லை. நாற்றைப் பிடுங்கி நடும்போது ஆணிவேரின் நுனி பெரும்பாலும் அறுந்துபோகிறது. அதன் பிறகு பக்கவேர்கள் கிளைத்து, ஒரு சாண் ஆழத்துக்குள்ளாகவே அடர்ந்து படர்கின்றன. இலைகள் எவ்வளவு தூரம் விரிந்திருக்கின்றனவோ ஏறக்குறைய அவ்வளவு தூரமாவது கீழே வேரும் போயிருக்கும். ஆகையால் தூரை ஒட்டி இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் இறங்கக் கூடாது. அங்கே பொருக்கை உடைத்துவிட்டாலே போதும். இரண்டு செடிகளுக்கு நடுவில் வேண்டுமானால் ஐந்து சென்டிமீட்டர் வரை போகலாம். கொத்தை ஓங்கி வெட்டாமல் சாய்த்துப் பிடித்து இழுக்க வேண்டும்.

முதல் மூன்று செடிகள் நன்றாகவே முடிந்தன. நான்காவதில் கொத்து தூருக்கு மிக அருகே விழுந்தது. அவன் நிமிர்ந்து பார்த்தபோது கொத்தின் நுனியில் வெள்ளை நூல் போல ஒரு வேர் தொங்கியது. இருவரும் ஒன்றும் பேசவில்லை. அதற்குப் பிறகு மீதி ஏழு செடிகளையும் அவன் கையாலேயே கிளறிவிட்டான். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று, நானும் அவசரப்படுத்தவில்லை.

செப்டம்பர் 8, திங்கள்

உச்சி வெயிலில் நான்காவது துவண்டது. தொலைபேசி ஒலிக்கவில்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

மாலையில் நிமிர்ந்தது. மதியத்தில் மறுபடியும் துவண்டது. வேர் குறைந்த செடிக்கு இலை விடுகிற ஈரத்தை ஈடுகட்ட முடியாது, ஆகவே வெயில் தணிந்தால் எழுந்திருக்கும் என்பது எனக்குத் தெரியும். வாடல் நோயிலும் முதல் சில நாட்கள் இப்படித்தான் மதியம் துவண்டு மாலையில் நிமிரும் என்பதும் தெரியும். இரண்டில் எது என்பதைத் தூரைப் பார்த்தால்தான் ஓரளவு சொல்ல முடியும். குனியக் கூடாது.

செப்டம்பர் 10, புதன்

கைக்கண்ணாடியைக் கழியின் முனையில் சாய்வாகக் கட்டி மண்ணருகே இறக்கிப் பார்த்தேன். தையலைப் பார்ப்பதற்காக வாங்கிவைத்த கண்ணாடிதான். தண்டு மண்ணைத் தொடுகிற இடத்தில் கறுப்போ, நீர் கோத்தது போன்ற வளையமோ இல்லை, பச்சையாகவே இருக்கிறது. கண்ணாடியில் தலைகீழாகத் தெரிந்தாலும் பச்சை பச்சைதான். நிழலுக்குச் சாக்குத்துணியைக் கழிகளில் கட்டச் சொன்னேன். தண்ணீரைக் கூட்டச் சொல்லவில்லை. துவண்ட செடியைக் கண்டதும் தண்ணீரை ஊற்றி, ஈர மண்ணில் மிஞ்சிய வேரையும் மூச்சுத் திணறவைத்து அழுகச் செய்தவள் நான், போன ஆண்டு.

செப்டம்பர் 11, வியாழன்

கண்ணாடி. பச்சை.

செப்டம்பர் 12, வெள்ளி

கண்ணாடி. பச்சை. தையலின் மேல்முனையில் மட்டும் சிறிது சிவப்பு.

செப்டம்பர் 14, ஞாயிறு

இன்று மதியம் நான்காவது துவளவில்லை. சாக்கை எடுத்துவிடலாமா என்று தம்பி கேட்டான். நாளை என்றேன், சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது.

செப்டம்பர் 16, செவ்வாய்

நட்டு 35 நாட்கள். மேலுரம் இட்டு மண் அணைக்க வேண்டிய நாள். மக்கிய தொழுவுரத்தைத் தூரிலிருந்து ஒரு சாண் தள்ளி வட்டமாகத் தூவி, அதன் மேல் பக்கத்து மண்ணை இழுத்துத் தண்டை நோக்கிக் கூட்ட வேண்டும். தம்பி உற்சாகமாகத் தொடங்கினான், முதல் செடிக்கே தண்டின் கவை வரை குவித்துவிட்டான். செடி கழுத்தளவு புதைந்து, இலைகள் மட்டும் மண்ணின் மேல் விரித்துப் போட்டது போல இருந்தது.

“தக்காளிக்கு இப்படித்தானே செய்தோம்?”

“தக்காளி வேறு.”

“மிளகுக்கொடிகூட கணுவுக்குக் கணு வேர் விடுகிறதே, அக்கா.”

பெயர் செய்கிற குழப்பம் இது. மிளகைப் போல் காரமான காய் என்று நம்மவர்கள் வைத்த பெயர் மிளகாய். அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துகீசியர் வழியாக வந்து சேர்ந்த இந்தச் செடிக்கும், மரத்தைப் பற்றி ஏறும் மிளகுக்கொடிக்கும் குடும்பமே வேறு. மிளகுக்கொடி கணுவில் வேர் விட்டுப் பற்றும். தக்காளித் தண்டு புதைந்த இடமெல்லாம் வேர் விடும். உருளைக்கிழங்குக்கு மண் அணைத்தால் கிழங்கு வெயில் பட்டுப் பச்சையாகாமல் இருக்கும். மிளகாய்த் தண்டு அடியில் விரைவில் கட்டைத்தன்மை அடைந்துவிடுகிறது. புதைத்தால் தக்காளியைப் போல் தாராளமாக வேர் விடுவதில்லை, ஈரம் நின்றால் பட்டை அழுகுவதுதான் மிச்சம். இதற்கு மண் அணைப்பது காய் பிடித்துத் தலை கனக்கும்போது சாயாமல் நிற்பதற்கும், வெளியே தெரிகிற மேல்வேர்களை மூடுவதற்கும், தண்ணீர் தூரில் தேங்காமல் பக்கத்துச் சாலில் வடிவதற்குமே. நாலு விரல் உயரம் போதும், அகலம் வேண்டும். கோபுரம் வேண்டாம், ஆமை முதுகு போல இருக்கட்டும் என்றேன். அவன் சிரித்துக்கொண்டே கோபுரத்தைக் கலைத்தான்.

மண்ணை மேலே இழுத்த இடத்தில் தானாகச் சால் விழுந்தது. கையால் அமுக்கிவிட வேண்டும், மிதிக்கக் கூடாது. பதினொன்றையும் முடிக்கப் பொழுது சாய்ந்தது. நான்காவதற்கு அவன் என்னைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு பிடியாக வைத்தான்.

செப்டம்பர் 17, புதன்

அழைப்பு வந்தது. இன்னும் முடிவு வரவில்லை என்று சொல்வதற்காக.

செப்டம்பர் 18, வியாழன்

இரவு பலத்த மழை. படுத்தபடி ஒவ்வொரு மேடாகக் கரைவதை மனத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 19, வெள்ளி

எட்டு மேடுகள் அப்படியே நிற்கின்றன. ஏழாவதும் பத்தாவதும் ஒரு பக்கம் சரிந்து, வேர்கள் கழுவிவிட்டது போல வெளுப்பாகத் தெரிகின்றன. வெளியே தெரிகிற மெல்லிய வேர் வெயிலில் அரை நாள்கூடத் தாங்காது. ஆனால் சேற்றை அள்ளி அப்பினால் அதுவே இறுகிப் பொருக்காகும். ஆகவே மூடிவைத்திருந்த உலர்ந்த மக்கு உரத்தைச் சலித்து, விரற்கடை கனத்துக்குத் தூவச் சொன்னேன். மேலே காய்ந்த சருகு. சருகு இருந்தால் மழைத்துளி மண்ணை நேரடியாக அடிக்காது, பொருக்கும் குறையும். தண்டைத் தொடாமல் இரண்டு விரல் விட்டுப் போட வேண்டும். இதை முதல் நாளே போட்டிருக்கலாம் என்று தம்பி சொன்னான். உண்மைதான். எனக்குக் கொத்திய மண்ணைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் போல் இருந்தது.

எட்டும் இரண்டும் பத்து. பதினொன்றாவதை எழுத மறந்தேன், அது நான்காவது. அதன் மேடு கரையவில்லை, செடிதான் மறுபடியும் சாய்ந்திருக்கிறது, இந்த முறை கிழக்கே.

செப்டம்பர் 21, ஞாயிறு

இரண்டாவது செடியின் முதல் கவையில் ஒரு மொட்டு விரிந்திருக்கிறது, வெள்ளை. இனி ஆழமாகக் கொத்தக் கூடாது. பூவெடுக்கிற சமயத்தில் வேரைக் குலைத்தாலோ, தண்ணீர் ஒருநாள் அதிகமும் ஒருநாள் இல்லாமலும் போனாலோ பூவை உதிர்த்துவிடும்.

செப்டம்பர் 22, திங்கள்

ஆறாவதன் மேட்டில் கோரை முளைத்திருக்கிறது. கொத்தினால் அடிக்கிழங்குகள் தனித்தனியாகப் பிரிந்து ஒன்று பலவாகும். பிடுங்கினால் இலை மட்டும் கையோடு வரும், கிழங்கு உள்ளேயே இருந்து மறுபடி முளைக்கும். கிழங்கோடு எடுத்தார்களா என்று அன்று கேட்டேன். எடுத்ததாகத்தான் சொன்னார்கள்.

செப்டம்பர் 23, செவ்வாய்

அழைப்பு. நாளை காலை ஏழு மணிக்கு வர வேண்டுமாம், துணைக்கு ஆளோடு. தொலைபேசியில் சொல்ல முடியாதாம்.

பிற்பகல், தம்பி வெளியே போயிருந்த நேரத்தில், பாத்திக்குப் போனேன். குனியவில்லை. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு, முதுகை நேராக வைத்து, ஒரு முழங்காலையும் பிறகு மற்றொன்றையும் மண்ணில் ஊன்றினேன். அதைக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. நான்காவது செடியின் சாய்ந்த பக்கத்தில் சருகை விலக்கி விரல்களை விட்டேன். வேர் அறுபட்ட பக்கம் அது. மேலே உலர்ந்து, கீழே குளிர்ந்து, மண் நல்ல பதத்தில் இருந்தது. உள்ளே மயிரிழை போலப் புதிய வேர்கள் விரலில் தட்டின, கண்ணாடியில் இவை தெரிந்திருக்காது. செடியை இடக்கையால் நிமிர்த்திப் பிடித்து, வலக்கையால் ஒவ்வொரு பிடியாக மண்ணை வைத்து அமுக்கினேன். நாலு விரல் உயரம்.

எழுந்திருக்க முடியவில்லை. தம்பி வரும் வரை அங்கேயே உட்கார்ந்து ஆறாவதன் கோரையைக் கிழங்கோடு கிளறி எடுத்துக்கொண்டிருந்தேன், ஐந்து வந்தன.

செப்டம்பர் 24, புதன்

ஆறரை மணி. வண்டி வந்துவிட்டது. சாலில் தண்ணீர் நிற்கவில்லை.