காற்றாடிமலைக்குப் போயிட்டு வந்தோம்

ஆரல்வாய்மொழி காத்தைப் பத்தி அந்தப் பக்கம் போனவங்களுக்குச் சொல்லவே வேண்டாம், அது வீசுற காத்து இல்ல, ஆளைப் புடிச்சுத் தள்ளுற காத்து. கணவாய் வழியா வர்றதால அவ்வளவு வேகம், முப்பந்தல் வரைக்கும் காத்தாலையா நிக்கிறதும் அதனாலதான். அந்தக் காத்துக்கு நடுவுல இருக்கிற காற்றாடிமலைலதான் 1752 ஜனவரி 14 அன்னிக்கு, அரண்மனை வேலைல இருந்து கிறிஸ்தவரா மாறின தேவசகாயம் பிள்ளையைத் துப்பாக்கியால சுட்டுக் கொன்னாங்க. 2022 மே 15 ரோம்ல போப் பிரான்சிஸ் புனிதர் பட்டம் கொடுத்தப்போ டிவில பார்த்ததுலேர்ந்தே அம்மா ஒரே நச்சரிப்பு, அவர் வாழ்ந்த இடம் எல்லாம் ஒரு சுத்து போயிட்டு வரணும்னு.

நட்டாலத்துல ஆரம்பிச்சோம், 1712 ல நீலகண்ட பிள்ளையா அவர் பிறந்த ஊர். அங்க வேண்டிக்கிட்டு மெழுகுதிரி ஏத்திட்டு சீக்கிரமே கிளம்பிட்டோம், ஏன்னா எனக்கு மனசு பூரா புலியூர்க்குறிச்சி மேலயும் உதயகிரி கோட்டை மேலயும்தான் இருந்துச்சு.

கோட்டைக்குள்ள டிலனாய் கல்லறை இருக்கு, கூரை இல்லாத பழைய சிற்றாலயத்துக்குள்ள, தமிழும் லத்தீனும் வெட்டின கல்லோட. 1741 குளச்சல் சண்டைல டச்சுக்காரங்க பக்கம் நின்னு தோத்துப் பிடிபட்ட ஆளு, அப்புறம் அவரைத் தோக்கடிச்ச திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்டவர்மாவுக்கே படைத்தலைவர் ஆகிட்டார். நீலகண்டனும் ராஜா கிட்ட வேலை பார்த்தவர், ரெண்டு பேரும் பழகினாங்க. நீலகண்டன் வீட்டுல அடுத்தடுத்து நஷ்டம், மாடு கன்னு போச்சு, மனசு உடைஞ்சு கிடந்தப்போ டிலனாய் அவருக்கு பைபிள்ல வர்ற யோபு கதையைச் சொன்னார்னு சொல்றாங்க. இத பத்தி நான் நிறைய யோசிச்சேன். ஆறுதல் சொல்றேன்னு நாம என்ன சொல்வோம், எல்லாம் சரியாயிடும், போனது திரும்ப வரும், இப்படித்தானே. யோபு புத்தகத்துல அது கடைசி அத்தியாயத்துலதான் வருது. அதுக்கு ரொம்ப முன்னாடி 19 ஆம் அதிகாரத்துல, பிள்ளைங்க செத்து, உடம்பெல்லாம் புண்ணா, சாம்பல்ல உக்காந்திருக்கும்போதே அந்த மனுஷன் என் மீட்பர் உயிரோட இருக்கார்னு சொல்றார். ஒண்ணும் திரும்பக் கிடைக்கிறதுக்கு முன்னாடி சொன்ன வார்த்தை அது. நீலகண்டனைப் புடிச்சு இழுத்தது அந்த இடமாத்தான் இருக்கணும்னு எனக்குத் தோணுது, இது என் எண்ணம்தான், எழுதி வச்ச வரலாறு இல்ல.

1745 ல வடக்கன்குளத்துல இயேசு சபைச் சாமியார் புத்தாரி கையால ஞானஸ்நானம் வாங்கி தேவசகாயம் ஆனார். அதுக்கப்புறம் சாதி பார்க்காம எல்லார் கூடவும் உக்காந்து சாப்பிட ஆரம்பிச்சாராம், அரண்மனை ஆளுங்களுக்கு ஞானஸ்நானத்தை விட இதுதான் ஜாஸ்தி எரிச்சலா இருந்திருக்கும்னு எங்க கூட வந்த டிரைவர் அண்ணன் சொன்னார், எனக்கும் அது சரியாத்தான் படுது. மோட்சத்துல எல்லாரும் ஒரே பந்தின்னு பிரசங்கத்துல கேட்டுட்டு வீட்டுல வேற தட்டு வைக்கிறவங்களை நான் பார்த்திருக்கேன். இவர் அந்தப் பந்தியை இங்கயே போட்டுட்டார்.

1749 பிப்ரவரில கைது. எருமை மேல பின்பக்கமா உக்கார வச்சு, எருக்கம்பூ மாலை போட்டு ஊர் ஊரா இழுத்துட்டுப் போய் அடிச்சு, காயத்துல மிளகாய்ப்பொடி தேய்ச்சு, சொல்லவே கை வரல. புலியூர்க்குறிச்சில தாகத்துக்குத் தண்ணி கொடுக்கல, ஜெபம் பண்ணிட்டு முட்டியால பாறைல இடிச்சார், தண்ணி ஊறுச்சுன்னு நம்பிக்கை, அந்த இடம்தான் முட்டிடிச்சான் பாறை. அம்மா அந்தத் தண்ணியைத் தொட்டு கண்ணுல ஒத்திக்கிட்டு ஒரு பாட்டில்லயும் புடிச்சுக்கிட்டாங்க. அவரைத் தண்டிச்சது மதத்துக்காகவா இல்ல அரசியலான்னு வரலாறு எழுதுறவங்க நடுவுல வாக்குவாதம் உண்டு, அதை நான் மறைக்கல. வத்திக்கான் 2012 ல, விசுவாசத்து மேல இருந்த வெறுப்பாலதான் கொல்லப்பட்டார்னு ஏத்துக்கிட்டு, அந்த வருஷம் டிசம்பர் 2 நாகர்கோவில்லயே அருளாளர் பட்டம் கொடுத்துச்சு, புனிதர் பட்டத்துக்கு முந்தின படி அது.

காற்றாடிமலைக்கு நாங்க போனப்போ நல்ல வெயில். செருப்பைக் கழட்டிட்டு நடந்தா பாறை சுடுது, காத்து துப்பட்டாவை இழுத்துட்டுப் போகுது. சுடுறதுக்கு முன்னாடி ஜெபம் பண்ண நேரம் கேட்டு முழங்கால் போட்டாராம், அந்தத் தடம்னு ஒரு பாறையைக் காட்டுறாங்க. இன்னொரு பாறை, தட்டினா மணி மாதிரி கணீர்னு கேக்குது, மணியடிச்சான் பாறைன்னு பேர், அவர் செத்தப்போ அது முழங்குச்சுன்னு ஊர்ல சொல்வாங்க. சின்னப் பசங்க வரிசைல நின்னு தட்டிட்டே இருந்தாங்க, எனக்கும் தட்டாம வர முடியல.

அந்த முழங்கால் தடம் பக்கத்துல ஒரு பாட்டி உக்காந்து ஜெபமாலை சொல்லிட்டு இருந்தாங்க. எவ்வளவு தைரியம் பாருங்க பாட்டி, துப்பாக்கி முன்னாடி முட்டி போடுறதுக்குன்னு நான் ஏதோ பேச்சுக்குச் சொன்னேன். அவங்க மாலையை நிறுத்தாமலே, "குண்டு ஒரு நிமிசம் மக்களே, மூணு வருசம் கெட்டிப் போட்டுருந்தாவளே, அத நினைச்சுப் பாத்தியா"ன்னு கேட்டாங்க. எனக்குப் பதில் வரல.

1749 பிப்ரவரிலேர்ந்து 1752 ஜனவரி வரைக்கும். தினமும் காலைல எந்திரிக்கும்போது, விசுவாசத்தை விட்டுட்டேன்னு ஒரு வார்த்தை சொன்னா வீட்டுக்குப் போயிடலாம், பழைய உத்தியோகம் கூடக் கிடைச்சிருக்கும், அந்த ஒரு வார்த்தையை அன்னைக்கும் சொல்லாம இருக்கணும், மறுநாளும். இயேசுவுக்காக முதல்ல உயிரை விட்ட ஸ்தேவானைக் கல்லெறிஞ்சப்போ வானம் திறந்திருக்கிறதைப் பார்த்தார்னு பைபிள்ல அப்போஸ்தலர் 7 ல வருது, எல்லாம் ஒரே நாள்ல முடிஞ்சுது. கண்ணுக்கு எதிர்ல வானம் திறந்தா யாருக்கும் பலம் வரும்ங்க. விலங்கு போட்டு மரத்துல கட்டி வச்சு, மழைலயும் வெயில்லயும் மாசக்கணக்கா கிடக்கிறவனுக்கு மோட்ச நம்பிக்கை எப்படி இருக்கும்? சாவு சீக்கிரம் வரட்டும்ங்கிற ஏக்கமா? அப்படித் தெரியல, ஏன்னா ஆரல்வாய்மொழில கட்டி வச்சிருந்தப்பவும் ஜனங்க தேடி வந்தாங்க, அவர் அவங்களுக்காக ஜெபிச்சார், பேசினார்னு சொல்றாங்க. சாகக் காத்திருக்கிற ஆளு வர்றவங்க கஷ்டத்தைக் கேட்டுட்டு உக்காந்திருக்க மாட்டான். அவருக்கு மோட்சம் சாவுக்கு அந்தப்பக்கம் மட்டும் இருந்திருந்தா இந்தப்பக்கம் இவ்வளவு பொறுமை இருந்திருக்காது.

நாங்க போய் அங்க என்ன கேட்டோம்? அம்மா என் தங்கச்சி கல்யாணத்துக்கு, நான் லோனுக்கு. அவர் கேட்டிருந்தா கிடைச்சிருக்கக்கூடிய விடுதலையைக் கேக்காத மனுஷன் கிட்ட நாம எல்லாத்துலேர்ந்தும் விடுதலை கேக்கிறோம். சிரிப்பா இருந்துச்சு, ஆனா கேட்டதை நான் வாபஸ் வாங்கல.

அவர் எலும்புகளை ஜனங்க எடுத்துட்டுப் போய் அடக்கம் பண்ணது கோட்டாறு சவேரியார் கோயில்ல, இப்போ அது பேராலயம். அங்க கூட்டம், திருப்பலி நேரம், கல்லறை பக்கத்துல ரொம்ப நிக்க முடியல. திருவிழா ஜனவரி 14, பொங்கல் சமயம், போறவங்க ரூம் முன்னாடியே பார்த்து வச்சுக்கோங்க.

கடைசியா வடக்கன்குளம். அவர் மனைவி பார்கவி அம்மாவும் இங்கதான் ஞானஸ்நானம் வாங்கி ஞானப்பூ ஆனாங்க, புருஷன் போனதுக்கப்புறம் இந்த ஊர்லயே இருந்து இங்கயே இறந்தாங்கன்னு சொல்றாங்க. அம்மா அதைக் கேட்டதும் அப்படியே நின்னுட்டாங்க. அப்பா போய் வருஷக்கணக்காச்சு எங்களுக்கு. "அவருக்கு மூணு வருஷத்துல முடிஞ்சுது, இந்தம்மாவுக்கு அப்புறம்தானே ஆரம்பிச்சுருக்கும்"னு சொல்லிட்டு, தங்கச்சி கல்யாணத்தை மறுபடி முதல்லேர்ந்து, இந்தத் தடவை ஞானப்பூ அம்மா கிட்ட, சத்தமாவே சொல்ல ஆரம்பிச்சாங்க.