சட்டையில் பூத்த உப்பும் கையில் இருந்த கோலாவும்

சித்திரை வெயில் இறங்கிய ஒரு மாலையில், ஒன்றரை மணி நேரம் கால்பந்து ஆடி முடித்த என் அக்கா மகன், மைதானத்துக்கு வெளியே இருந்த பெட்டிக்கடையில் 250 மில்லி கோலா ஒன்றை வாங்கி மடமடவென்று குடித்தான். பாதி புட்டியிலேயே ஏப்பம் வந்து, வயிறு உப்பி, "போதும் மாமா" என்று மீதியை என்னிடம் நீட்டினான். அவனுடைய கறுப்புச் சட்டையின் முதுகில் வியர்வை காய்ந்து வெள்ளைக் கோடுகளாக உப்புப் பூத்திருந்தது. ஆடப் போகும் முன் பார்த்த எடையைவிட, வீடு திரும்பிய பின் 1.2 கிலோ குறைந்திருந்தான். அதாவது ஏறக்குறைய ஒரு லிட்டருக்கு மேல் நீர் போயிருக்கிறது, உள்ளே போனதோ ஒரு தம்ளர் அளவுகூட இல்லை.

கோலா உடலை வறட்சியாக்கிவிடும் என்று சிலர் சொல்வது சரியன்று. 2016இல் ரொனால்ட் மாகன் என்ற ஆய்வாளரின் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், ஓய்வாக இருந்த ஆண்கள் குடித்த கோலா, உடலில் நீரைத் தக்கவைப்பதில் வெறும் தண்ணீருக்குக் குறைவாக இருக்கவில்லை, பாலும், வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசலான ஓ.ஆர்.எஸ்.ஸும்தான் தண்ணீரை விஞ்சின. ஆனால் வியர்த்து விறுவிறுத்து நிற்பவனின் நிலை வேறு.

கோலாவில் 100 மில்லிக்குச் சுமார் 10.6 கிராம் சர்க்கரை இருக்கிறது. விளையாட்டு வீரர்களுக்கென்றே தயாரிக்கப்படும் பானங்களில் பெரும்பாலும் 6 முதல் 8 கிராம்தான். சர்க்கரை அடர்த்தி கூடக்கூட இரைப்பையிலிருந்து பானம் இறங்குவது தாமதமாகிறது. இரத்தத்தைவிட அடர்த்தியான திரவம் சிறுகுடலை அடைந்தால், அதை நீர்க்கச் செய்ய உடலின் நீரே முதலில் குடலுக்குள் போகிறது. வயிறு 'கடமுட' என்று குலுங்குவதாக ஓட்டக்காரர்கள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். மேலும், குடல் சுவரில் குளுக்கோஸும் உப்பிலுள்ள சோடியமும் கைகோத்து உள்ளே போகும்போது அவற்றின் பின்னால் நீரும் போகிறது. 2002இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் பரிந்துரைத்த ஓ.ஆர்.எஸ். கலவையில் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸுடன் 2.6 கிராம் சாதாரண உப்பும் சேர்ந்திருப்பது இதற்காகத்தான். கோலாவிலோ சர்க்கரை ஏராளம், சோடியம் மிகச் சொற்பம். அந்தச் சட்டையில் பூத்திருந்த உப்பு புட்டிக்குள் இல்லை.

நீண்ட தூர ஓட்டக்காரர்களும் சைக்கிள் வீரர்களும் பந்தயத்தின் பிற்பகுதியில் கோலா குடிப்பது உண்மைதான். 1972 மியூனிக் ஒலிம்பிக் மாரத்தானில் தங்கம் வென்ற ஃபிராங்க் ஷார்ட்டர், வாயு நீக்கிய கோலாவைத்தான் வழியில் குடித்தார். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறவருக்குச் சர்க்கரை எரிபொருளாகவும் சிறிது காஃபின் ஊக்கியாகவும் பயன்படும். அங்கேயும் அது தாகத்துக்கான மருந்து அன்று. மாலையில் பந்தாடும் பதினான்கு வயதுப் பையனுக்கு அந்தத் தேவையும் இல்லை.

முக்கால் மணி நேர ஆட்டத்துக்குத் தண்ணீரே போதும். அதற்கு மேல், வெயிலில் ஆடும் நாள்களில், தண்ணீரோடு உப்புப் போட்ட நீர்மோரோ எலுமிச்சைச் சாறோ கொடுக்கிறோம். இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு. அதனால் இளநீர் குடிக்கும் நாளில் கூடவே உப்புச் சுண்டல் ஒரு கைப்பிடி. இப்போது அவன் பையில் இரண்டு புட்டிகள் போகின்றன: ஒன்றில் தண்ணீர், மற்றதில் அக்கா கடைந்து உப்பிட்ட மோர்.