கெட்டிக் கல் இளகும் இடம்

எங்கள் ஆய்வகத்தில் ஆளுக்கொரு செல்லக் கனிமம் உண்டு. எனக்கு ஸ்டிஷோவைட். கடற்கரை மணலில் இருக்கும் அதே சிலிக்காதான். ஆனால் குவார்ட்ஸில் ஒவ்வொரு சிலிக்கானையும் நான்கு ஆக்சிஜன் சூழ்ந்திருக்கும், இதில் ஆறு. அதனால் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.65 கிராமிலிருந்து 4.29-க்குப் போய்விடுகிறது. 1961-இல் ஸ்டிஷோவும் போபோவாவும் மாஸ்கோவில் இதை உருவாக்கினார்கள். அடுத்த வருடமே அரிசோனாவில் விண்கல் விழுந்த பள்ளத்தில் இயற்கையாகவே கிடைத்தது.

ஆக்சைடுகளில் இவ்வளவு கடினமானது அபூர்வம். அப்படிப்பட்ட கல் 50 கிகாபாஸ்கலை, அதாவது சுமார் ஐந்து லட்சம் வளிமண்டல அழுத்தத்தை, நெருங்கும்போது இளகுகிறது. எல்லா விதத்திலும் இல்லை. சுற்றிலும் சமமாக நெருக்கினால் முன்னைவிட முரண்டுதான் பிடிக்கும். அதன் அடிச்சதுரத்தை ஒரு பக்கம் நீட்டி மறுபக்கம் குறுக்கப் பார்க்கும் அந்த ஒரு சறுக்குப்பெயர்ச்சிக்கு மட்டும் எதிர்ப்பு குறைந்துகொண்டே வந்து பூஜ்யத்தைத் தொடும். மேலே எவ்வளவு பாரம் ஏற்றினாலும் தாங்கிவிட்டு, பக்கவாட்டில் தள்ளினால் ஆடும் மேசை போல. அந்த இடத்தில் சதுரம் செவ்வகமாகி, படிகம் கால்சியம் குளோரைடின் அமைப்புக்கு மாறுகிறது. தாண்டிவிட்டால் விறைப்பு மறுபடி ஏறும்.

கன அளவில் திடீர்த் தாவல் இல்லை என்பதுதான் தொல்லை. அடர்த்தியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். அதனால் டயமண்ட் அன்வில் செல்லுக்குள், அதாவது இரண்டு வைர முனைகளுக்கு நடுவே நெருக்கும் கருவிக்குள், முடியைவிட மெல்லிய படிகத்தில் லேசரைப் பாய்ச்சுகிறோம். சிதறி வரும் ஒளியின் அதிர்வெண் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பதிலிருந்து ஒலியின் வேகம் கிடைக்கும். அழுத்தத்தைச் சொல்ல, பக்கத்தில் ஒரு மாணிக்கத் துணுக்கு ஒளிர்ந்துகொண்டிருக்கும். படிகத்தைச் சுற்றி ஹீலியமோ நியானோ இருப்பது முக்கியம். அழுத்தம் ஒருபக்கமாக விழுந்தால் மாற்றம் சீக்கிரமே நடந்துவிடும். (வைரம் உடையும் நாட்களைப் பற்றிப் பேச வேண்டாம்.)

எதற்கு இத்தனை மெனக்கெடல்? கடலடித் தட்டு பூமிக்குள் செருகும்போது, அதன் பசால்ட் (எரிமலைப் பாறை) படலத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு ஆழத்தில் ஸ்டிஷோவைட்டாகிவிடும். 1999-இல் மரியானா பகுதியில், சுமார் 1500 கி.மீ. ஆழத்தில், அலைகள் மெதுவாகச் செல்லும் சாய்ந்த படலம் ஒன்றை நிலநடுக்கப் பதிவுகளிலிருந்து கண்டுபிடித்தார்கள். இந்த மாற்றத்தில், பாறையைப் பக்கவாட்டில் அசைத்துக்கொண்டு போகும் எஸ் அலைதான் அதிகம் தடுமாற வேண்டும். சந்தேகம் ஸ்டிஷோவைட் மேல் விழுந்ததில் ஆச்சரியமில்லை. ஆழத்தின் வெப்பம் மாற்றத்தை இன்னும் கீழே தள்ளும், கலந்திருக்கும் அலுமினியமும் நீரும் மேலே இழுக்கும். இப்படிப்பட்ட படலங்கள் இடத்துக்கு இடம் வேறு வேறு ஆழத்தில் தென்படுவதற்கு நான் முதலில் கைகாட்டுவது தண்ணீரை. அடுத்த படிகத்தில் அதைத்தான் கலக்கப் போகிறோம்.